காய்ச்சல் விட்டு மறுபடி வந்தால்: வைரஸ் நோயோடு சேரும் இரண்டாவது தொற்றும் நாம் செய்யும் தவறுகளும்

போன ஐப்பசி மழையில் என் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. 68 வயது, சர்க்கரை உண்டு. முதல் நாள் சாயங்காலமே தெருமுனை மருந்துக்கடையில் இருந்து அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வீட்டுக்கு வந்துவிட்டது. மூன்று நாள் போட்டார். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. "மாத்திரை நல்லா கேட்டுடுச்சு" என்று எல்லாருக்கும் நிம்மதி. ஆறாம் நாள் எழுந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். எட்டாம் நாள் ராத்திரி உடம்பைத் தூக்கிப்போடுகிற மாதிரி குளிர். இந்த முறை வீட்டில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. "வைரல்தானே, இப்ப எல்லாருக்கும் இழுத்துக்கிட்டுதான் போகுது" என்று கஷாயமும் பாராசிட்டமாலுமாக இரண்டு நாள் ஓடியது. பத்தாம் நாள் காலையில் என்னைப் பார்த்து என் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 86. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பாகம் வெள்ளையாக இருந்தது. நிமோனியா. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

ஆன்டிபயாடிக் தேவையே இல்லாத நாளில் அதைக் கொடுத்தோம். அது உயிர்காக்கும் மருந்தாக இருந்திருக்கக்கூடிய நாளில் கஷாயம் வைத்துக்கொண்டு இருந்தோம். இரண்டு தவறையும் செய்தது ஒரே வீடு, பத்தே நாளுக்குள். அக்கம்பக்கத்தில் பேசிப் பார்த்தால் எங்கள் வீடு ஒன்றும் தனி ரகம் இல்லை என்று தெரிகிறது.

இரண்டாவது ஆள் எப்படி உள்ளே வருகிறான்

நம் காற்றுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன. தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்துத் தொண்டைப் பக்கம் தள்ளுவது அவற்றின் வேலை. ஃப்ளூ (இன்ஃப்ளுயன்சா) வைரஸ் முதலில் அழிப்பது அந்த மயிர்கள் முளைத்திருக்கும் செல்களைத்தான். துடைப்பம் போனபின் வீடு எப்படி இருக்கும்? இதோடு முடியவில்லை. வைரஸை விரட்ட உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருள், நுரையீரலில் பாக்டீரியாவை விழுங்கும் காவல் செல்களை மந்தமாக்கிவிடுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அதாவது ஒரு எதிரியை விரட்டும் அவசரத்திலேயே இன்னொரு பக்கத்துக் காவல் தளர்கிறது. உடம்பு தேறிவருவது போலத் தோன்றும் நாட்களில்தான் இந்தத் தளர்ச்சி அதிகம்.

உள்ளே வருகிறவனும் பெரும்பாலும் வெளியாள் இல்லை. நியூமோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் நம்மில் பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் சாதுவாகக் குடியிருப்பவை. திண்ணையில் படுத்திருந்தவன், கதவு திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே நுழைவதுதான் இந்த நிமோனியா.

இது புதிய கதையும் இல்லை. 1918-ல் பம்பாய்த் துறைமுகம் வழியாக இந்தியாவுக்குள் வந்த இன்ஃப்ளுயன்சா, இங்கே மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்தக் கொள்ளைநோயில் இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களையும் பழைய பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளையும் அமெரிக்க ஆய்வாளர்கள் மறுபடி ஆராய்ந்து 2008-ல் எழுதினார்கள். பெரும்பாலான சாவுகளில் வைரஸுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாவின் கை இருந்தது.

அந்தக் காலத்து மருத்துவர்கள் செய்த ஒரு தவறு இன்னும் பாடப்புத்தகத்தில் பெயராக உட்கார்ந்திருக்கிறது. 1892-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைஃபர் ஃப்ளூ நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைப் பார்த்து, நோய்க்குக் காரணம் இதுதான் என்று அறிவித்தார். கூட வந்தவனைப் பிடித்துக் கள்ளன் என்று கட்டிவைத்த கதை. மனிதரைத் தாக்கும் ஃப்ளூ வைரஸை 1933-ல்தான் பிரித்தெடுத்தார்கள். ஆனாலும் அந்தப் பாக்டீரியாவின் பெயர் இன்றைக்கும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சாதான். குழந்தைகளுக்குப் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஒன்று அதன் 'பி' வகைக்கு எதிரானது.

முதல் நாளே ஆன்டிபயாடிக்

"பின்னாடி நெஞ்சுச்சளி ஆகாம இருக்க இப்பவே போட்டுடலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸைத் தொடாது. பெரியம்மாவுக்கு நாலாம் நாள் காய்ச்சல் விட்டது மாத்திரையால் அல்ல. சாதாரண ஃப்ளூ காய்ச்சல் மூன்று நான்கு நாளில் தானே விடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, அவ்வளவுதான். பனம்பழம் விழுந்ததைப் பார்த்தவர்கள் அடுத்த காய்ச்சலுக்கும் காக்கையைத் தேடுகிறார்கள்.

காப்புக்காகப் போடும் மாத்திரை காப்பும் ஆவதில்லை. தொண்டையில் இருக்கும் பாக்டீரியாவில் அந்த மருந்துக்குச் சாகக்கூடியவை செத்து, சாகாதவை மிஞ்சும். எட்டாம் நாள் நுரையீரலுக்குள் இறங்குவது அந்த மிஞ்சியவையாக இருந்தால், டாக்டர் கையில் இருக்கும் மருந்தில் ஒன்று குறைந்துவிட்டது என்று பொருள். அசித்ரோமைசின் வகை மருந்துகளுக்கு நியூமோகாக்கஸ் ஆசியாவின் பல இடங்களில் ஏற்கெனவே நன்றாகப் பழகிவிட்டது.

கோவிட் காலத்தில் இந்தத் தவறு உலக அளவில் நடந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த கோவிட் நோயாளிகளில் ஆன்டிபயாடிக் தேவைப்படும் பாக்டீரியா தொற்று இருந்தது சுமார் 8 சதவீதம் பேருக்கு. ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது சுமார் 75 சதவீதம் பேருக்கு. 2024-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்கு இது. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மார்ச்சில், எச்3என்2 ஃப்ளூ பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே இதைச் சொல்லி அறிக்கை விட்டது: காய்ச்சல் மூன்று நாளில் போகும், இருமல் மூன்று வாரம் வரை இருக்கலாம், அசித்ரோமைசினையும் அமாக்சிக்ளாவையும் அள்ளி விழுங்காதீர்கள் என்று.

மருந்து அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு செங்குத்தாக ஓடினால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து. அட்டையே இல்லாமல், காகிதப் பொட்டலத்தில் நாலைந்து நிறத்தில் "மூணு வேளைக்கு" என்று கட்டிக் கொடுத்தால் அந்தக் கோட்டைப் பார்க்கவும் வழி இல்லை. அந்தப் பொட்டலத்தில் எனக்குப் பெரிய பயம் ஆன்டிபயாடிக் கூட இல்லை, ஸ்டீராய்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

பச்சைச் சளியும் பாசிட்டிவ் ரிப்போர்ட்டும்

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் "இன்பெக்ஷன் ஆகிடுச்சு" என்று முடிவு கட்டுவது வழக்கம். பச்சை நிறம் பாக்டீரியாவுடையது அல்ல. சண்டைக்குப் போன நம் வெள்ளையணுக்களுக்குள் இருக்கும், இரும்பு சேர்ந்த ஒரு நொதியின் நிறம் அது. வைரஸோடு சண்டை போட்டாலும் அதே பச்சைதான். நிறத்தை மட்டும் வைத்து மருந்தைத் தொடங்க வேண்டாம். சளியில் ரத்தம் வந்தால் கதை வேறு. ஃப்ளூவுக்குப் பின் வரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் நிமோனியா ஒன்றிரண்டு நாளில் ஆளைச் சாய்த்துவிடக்கூடியது. அதில் ரத்தம் கலந்த சளி வருவதுண்டு. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ரத்தப் பரிசோதனையும் இப்படித்தான் ஏமாற்றும். ரத்தத்தில் சிஆர்பி என்ற புரதம் கூடியிருந்தால் உடலில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும் பொருள். ஃப்ளூவிலேயே அது கூடும். நம் ஊரில் காய்ச்சல் என்றால் கூடவே எடுக்கும் வைடால் பரிசோதனை, ஒரே தடவை எடுத்துப் பார்த்து டைபாய்டு என்று சொல்லும் அளவுக்கு நம்பகமானது இல்லை. ஃப்ளூவோடு வந்தவருக்கு "டைபாய்டும் சேர்ந்துகிச்சு" என்று சொல்லி ஊசி தொடங்குவதில் கணிசமானவை இந்த ஒற்றை வைடாலை நம்பித்தான். மூக்கில் குச்சி விட்டு ஒரே தடவையில் இருபது கிருமி தேடும் புதுப் பரிசோதனைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கிருமி இருக்கிறது என்பது வேறு, அது நோய் உண்டாக்குகிறது என்பது வேறு. இரண்டு வைரஸ் சேர்ந்து தெரிந்தாலும் பெரும்பாலும் சிகிச்சை மாறாது.

நாளை எண்ணாமல் விடுவது

என்னைக் கேட்டால் பெரிய தவறு இதுதான். மற்ற எல்லாவற்றுக்கும் டாக்டரின் உதவி வேண்டும். இதற்கு ஒரு காலண்டரும் பேனாவும் போதும்.

வைரஸ் காய்ச்சல் முதல் இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருக்கும், பிறகு சரிந்துகொண்டே போகும். இரண்டாவது தொற்று சேர்ந்தால் அந்தச் சரிவு நடுவில் முறிகிறது. காய்ச்சல் விட்டு ஒரு நாளோ மூன்று நாளோ நன்றாக இருந்து, பிறகு குளிரோடு திரும்பி வருகிறது. இருமல் கனக்கிறது, மூச்சை இழுத்தால் விலாவில் குத்துகிறது. இந்த இரட்டைத் திமில் முதல் வாரக் கடைசியிலும் இரண்டாம் வாரத்திலும்தான் அதிகம் தென்படும். டாக்டரிடம் போய் "பத்து நாளா காய்ச்சல்" என்று சொன்னால் அது ஒரு நோய். "நாலு நாள் இருந்தது, மூணு நாள் சுத்தமா இல்ல, முந்தாநாள் ராத்திரி குளிரோட திரும்ப வந்தது" என்று சொன்னால் அது வேறு நோய். நாங்கள் முதல் வாக்கியத்தைத்தான் சொன்னோம். கேட்ட டாக்டரும் தலையாட்டிவிட்டு அட்மிஷன் எழுதினார். எக்ஸ்ரே இல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

வெறும் இருமல் இழுப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாதாரணச் சளி இருமல் சராசரியாகப் பதினெட்டு நாள் இருக்கும் என்று 2013-ல் ஒரு அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. மக்கள் எதிர்பார்த்ததோ ஏழிலிருந்து ஒன்பது நாள். எட்டாம் நாளிலிருந்து பதினெட்டாம் நாள் வரை நாம் ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றி விழுங்குவதன் காரணம் அந்த இடைவெளிதான். காய்ச்சல் இல்லை, மூச்சுமுட்டல் இல்லை, இருமல் மெல்லக் குறைந்துவருகிறது என்றால் பொறுத்திருக்கலாம்.

அடுத்து, மூச்சை எண்ணுவது. வீட்டில் காய்ச்சலை இருபது தடவை தொட்டுப் பார்ப்போம், மூச்சை ஒரு தடவைகூட எண்ண மாட்டோம். குழந்தை அழாமல் இருக்கும்போதோ தூங்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்ற எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள், தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் 30-ஐத் தொட்டால் ஆபத்து.

வயதானவர்களிடம் இன்னொரு சிக்கல். நிமோனியா வந்தாலும் காய்ச்சலே அடிக்காமல் இருக்கலாம். சாப்பாட்டைத் தள்ளுவது, பகலெல்லாம் தூங்குவது, கால் தடுமாறி விழுவது, ஆளை மாற்றிக் கூப்பிடுவது என்று வரும். "வயசாச்சுல்ல" என்று நாமே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவோம்.

ஆக்சிமீட்டர் நல்ல துணைதான். நகப்பூச்சைத் துடைத்து, விரலைச் சூடாக்கி, அரை நிமிடம் பொறுத்துப் படியுங்கள். 94-க்குக் கீழே நின்றால் மருத்துவமனை. 96 காட்டுகிறதே என்று மூச்சிரைப்பவரை வீட்டிலேயே வைத்திருப்பதும் தவறுதான். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவது அதிகம் என்பதை 2020-ல் ஒரு அமெரிக்க ஆய்வு எடுத்துக்காட்டியது.

நடுவே ஒன்று. ஃப்ளூவுக்குப் பின் வரும் நெஞ்சுவலி எல்லாம் நெஞ்சுச்சளி இல்லை. ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு கூடுகிறது என்று கனடாவில் செய்த ஆய்வு 2018-ல் வந்தது. இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சு அழுத்தினால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் ஈசிஜி எடுங்கள்.

ஸ்டீராய்டு

2021 மே மாதத்தை மறந்திருக்க மாட்டோம். கோவிட்டில் இருந்து மீண்டவர்கள் முகத்தின் ஒரு பக்கம் வலிக்கிறது, பல் ஆடுகிறது, இமை வீங்குகிறது, இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று வந்தார்கள். கருப்புப் பூஞ்சை. மருத்துவப் பெயர் மியூகர்மைகோசிஸ். தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அந்த மாதமே அறிவித்தன. ஜூலை நடுவில் நாடு முழுக்க எண்ணிக்கை 45,000-ஐத் தாண்டியிருந்தது. பூஞ்சையைக் கொல்லும் ஆம்ஃபோடெரிசின் மருந்துக்கு ஊர் ஊராக அலைந்தார்கள், கண்ணை எடுத்தால்தான் உயிர் மிஞ்சும் என்ற நிலையில் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தப் பூஞ்சை எங்கிருந்தோ புதிதாக வந்தது இல்லை. மண்ணிலும் அழுகும் காய்கறியிலும் அதன் வித்துகள் எப்போதும் உண்டு. ஆளுக்கு ஆள் தொற்றுவதும் இல்லை. கட்டுப்படாத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்துதான் அதற்கு வழி விட்டன. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு சொன்னது தெளிவானது: ஆக்சிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிக்கு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். அது உயிரைக் காத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் தரவில்லை. நம் ஊரில் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். வாட்ஸ்அப்பில் சீட்டு சுற்றியது, வீட்டில் படுத்திருந்தவர்கள் முதல் நாளில் இருந்தே விழுங்கினார்கள்.

கோவிட் அலை ஓய்ந்த பிறகும் பழக்கம் ஓயவில்லை. "ஒரே ஊசியில் எழுந்து நடந்தார்" என்று புகழப்படும் ஊசியில் பல நேரம் இருப்பது ஸ்டீராய்டுதான். காய்ச்சலை அமுக்கும், பசி எடுக்கும், தெம்பு வந்த மாதிரி இருக்கும். உள்ளே சர்க்கரை ஏறும், எதிர்ப்புச் சக்தி இறங்கும், இரண்டாவது தொற்றின் அடையாளமான அந்தத் திரும்பி வரும் காய்ச்சலும் மறைந்துபோகும். ஊசி போடும்முன் "டாக்டர், இது ஸ்டீராய்டா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆஸ்துமாவுக்கும் வேறு நோய்களுக்கும் ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக்கூடாது. திடீரென நிறுத்துவதும் ஆபத்து. சர்க்கரை உள்ளவர்கள் காய்ச்சல் நாட்களில் சர்க்கரையைக் கூடுதலாகப் பாருங்கள். சாப்பாடே இறங்கவில்லை என்றாலும் தொற்று அதை ஏற்றிவிடும்.

காசநோயை மறப்பது

உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். ஆகவே இங்கே வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னால் இருமல் நிற்காதபோது இதை நினைக்காமல் இருப்பது சரியில்லை. இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு என்றால் சளிப் பரிசோதனை. மேலே பதினெட்டு நாள் கணக்குச் சொன்னேனே, முரணாக இருக்கிறதே என்றால், ஆமாம், பரிசோதித்தவர்களில் பலருக்குக் காசநோய் இருக்காது. அதனால் என்ன? அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 1800-11-6666 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இங்கே குறிப்பாகத் தவிர்க்க வேண்டியது, நிற்காத இருமலுக்கு லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது. அந்த மருந்துக்குக் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும் குணம் உண்டு. இரண்டு வாரம் நன்றாகிவிட்ட மாதிரி இருக்கும், சளியில் கிருமி தெரியாது, நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

கைவைத்தியத்தில் கவனிக்க வேண்டியவை

சுக்குக் கஷாயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. குழந்தை மூக்கில் எண்ணெய் விடுவதோடுதான் சண்டை. சளி பிடித்த கைக்குழந்தையின் மூக்கில் விடும் நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ நேராக நுரையீரலுக்கு இறங்கும். எண்ணெய் இருமலைத் தூண்டாது, சத்தமில்லாமல் போய்த் தங்கிவிடும். அதனால் வரும் நிமோனியாவுக்குத் தனிப் பெயரே உண்டு. தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். படுத்திருக்கும் நோயாளிக்கு அப்படியே கஞ்சி ஊட்டுவதும் இதே வகை: தலையை உயர்த்தி உட்கார வைத்து ஊட்டுங்கள். வீட்டு நெபுலைசரில் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். குப்பியைக் கழுவிக் காயவைக்காமல் அடுத்த வேளைக்கு எடுக்காதீர்கள்.

தட்டம்மையைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மை போட்டிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்ற வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. வேப்பிலை கட்டுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் தட்டம்மையில் குழந்தைகள் இறப்பது பெரும்பாலும் கூட வரும் நிமோனியாவால். அந்த வைரஸ், உடல் ஏற்கெனவே கற்றுவைத்திருந்த எதிர்ப்பு நினைவையும் அழித்துவிடுகிறது. அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுக்கும் வைட்டமின் ஏ உயிரைக் காப்பாற்றும். அதற்கு வீட்டை விட்டு வெளியே வரத்தான் வேண்டும்.

தடுப்பூசி விஷயத்தில் நாள் தள்ளுவது

நியூமோகாக்கல் தடுப்பூசி 2021-ல் இருந்து தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு அரசே இலவசமாகப் போடுகிறது: 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம். மூன்றாவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பெரியவர்கள் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை, இதயநோய், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஃப்ளூ ஊசி ஆண்டுக்கு ஒன்று. சென்னைப் பக்கம் ஃப்ளூ உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். மழை தொடங்கி வீட்டில் ஒருவர் தும்ம ஆரம்பித்த பிறகு போவதைவிட, செப்டம்பரிலேயே போட்டுவிடலாம். பெரியம்மாவுக்கு இந்த வருஷம் விநாயகர் சதுர்த்தி முடிந்த வாரம் என்று தேதி குறித்தாயிற்று. ஊசி என்றால் அவருக்குப் பயம், "கொழுக்கட்டை சாப்பிட்டுட்டு வரேன்" என்கிறார்.